ஏ.பி.பி. மேசை: வாசகர் கேள்வி – பதில்

எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் கோர்ட்டுகளில் அரசுத் தரப்பில் புதிதாக நிற்கத் தொடங்கியிருக்கும் உதவி அரசு வழக்கு நடத்துநர்களும், அவர்களிடம் அலுவல் உள்ள வாசகர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். கோர்ட் வட்டாரத்தில் எல்லோரும் ‘ஏ.பி.பி.’ என்றே சொல்வதால் நாங்களும் அப்படியே எழுதுகிறோம். வேறு சொல்லாத இடத்தில் பிரிவு எண்கள் எல்லாம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டங்களுக்கு உரியவை. குற்றங்களுக்கு நியாய சன்ஹிதா, நடைமுறைக்கு சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியத்துக்கு சாக்ஷிய அதிநியம்.

நாளைக்கு சாட்சி விசாரணை உள்ள வழக்குக் கட்டு இன்று சாயங்காலம்தான் கைக்கு வருகிறது. சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. எங்கே தொடங்கிப் படிப்பது என்றே தெரியவில்லை.
– பெண் ஏ.பி.பி., சைதாப்பேட்டை

குற்றப்பத்திரிகையில் தொடங்காதீர்கள். அது போலீஸ் எழுதிய கதைச்சுருக்கம். முதலில் அதைப் படித்துவிட்டால் மற்றக் காகிதங்களில் உள்ள ஓட்டை கண்ணில் படாது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கையால் எழுதிய புகார். அடுத்து எப்.ஐ.ஆர். சம்பவம் நடந்த நேரம், ஸ்டேஷனில் பதிவான நேரம், மாஜிஸ்திரேட் கையெழுத்திட்டு வாங்கிய நேரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறியுங்கள். சம்பவம் இரவு 9 மணி, பதிவு 11 மணி, மாஜிஸ்திரேட்டிடம் போனது மறுநாள் மாலை 5 மணி என்றால் குறுக்கு விசாரணை அங்கிருந்துதான் கிளம்பும். தாமதத்துக்குக் காரணம் கட்டில் எங்காவது இருக்கிறதா, எப்.ஐ.ஆரை எடுத்துப் போன காவலர் சாட்சிப் பட்டியலில் இருக்கிறாரா என்பதை அன்றைக்கே பார்த்துவிடலாம். பிறகு பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு), வரைபடம், கைப்பற்றுதல் மகஜர், பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பிய படிவம் 91, ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, காயச் சான்று, மயிலாப்பூர் தடய அறிவியல் துறையின் அறிக்கை. இவ்வளவும் முடிந்த பிறகுதான் 180-ஆம் பிரிவு வாக்குமூலங்கள், அதாவது சாட்சிகள் போலீஸ் விசாரணையில் சொன்னவை.

படித்து முடித்ததும் ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம், அந்தக் குற்றம் நிரூபணமாக என்னென்ன தேவை என்பது. வலப்பக்கம், அதை யார் சொல்லப் போகிறார், எந்த ஆவணம் காட்டப் போகிறது என்பது. செயின் பறிப்பை, அதாவது 304-ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். செயின் அந்த அம்மாவிடம் இருந்தது, திடீரென்று பறிக்கப்பட்டது, பறித்தது இந்த எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்), பிடிபட்டது அதே செயின் என நான்கு விஷயங்கள். முதல் இரண்டையும் அந்த அம்மாவே சொல்லிவிடுவார். மூன்றாவதில் ‘ஹெல்மெட் போட்ட இரண்டு பேர்’ என்று புகார் சொல்லும்போது, கோர்ட்டில் முதல்முறையாக விரல் நீட்டுவதற்கு எடை குறைவு. அடையாள அணிவகுப்பு நடந்ததா, அதற்கு முன்பே ஸ்டேஷனில் எதிரியைக் காட்டிவிட்டார்களா என்று காலையிலேயே சாட்சியிடம் கேட்டுவிடுங்கள். காட்டியிருந்தால் அணிவகுப்பைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் பலனில்லை. பொருள் மீட்பின் மேல்தான் வழக்கை நிறுத்த வேண்டும்.

நான்காவதில் கட்டுகள் அடிக்கடி வழுக்கும். புகாரில் ‘5 சவரன் தாலிச் செயின்’, அதாவது 40 கிராம். கைப்பற்றியதோ 36.200 கிராம். அறுந்த துண்டு கழுத்திலேயே நின்றுவிட்டதா, குண்டுமணி கழற்றப்பட்டதா, இல்லை செயினே வேறா? இதற்கு விடை கூண்டில் ஏறிய பிறகு தேடுவதல்ல. நகைக்கடை ரசீது, அடகுக் கடைக்காரரின் வாக்குமூலம், எடை போட்ட குறிப்பு ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் கட்டை மூட வேண்டும்.

எதிரியின் ஒப்புதல் வாக்குமூலத்தில், பொருள் கண்டெடுக்க வழிவகுத்த வாக்கியத்தை மட்டுமே சான்றாவணமாகக் குறிக்க முடியும். 23-ஆம் பிரிவின் காப்புரை (விலக்கு வாசகம்) அவ்வளவுக்குத்தான் இடம் தருகிறது. அந்த வரியை முன்கூட்டியே பென்சிலால் அடிக்கோடிட்டு வையுங்கள். அவசரத்தில் முழுத்தாளையும் குறிக்கச் சொல்லி, எதிர்த்தரப்பு எழுந்து ஆட்சேபிக்க, ஐ.ஓ. (புலனாய்வு அதிகாரி) முன்னால் தடுமாறுவது தவிர்க்கக்கூடிய சங்கடம்.

இன்னொன்று. சா.பொ.க்கள் (சான்றுப் பொருட்கள்) சொத்து அறையிலிருந்து மேலே வந்துவிட்டனவா என்று பத்து மணிக்கே கோர்ட் காவலரிடம் கேளுங்கள். சாட்சி வந்து, வக்கீல் வந்து, செயின் மட்டும் வராமல் வாய்தா வாங்குவதைவிட எரிச்சலான வேலை இல்லை. சாட்சியிடம் வராந்தாவில் பேசலாம், பாடம் நடத்தக் கூடாது. ‘தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க, கேள்வி புரியலேன்னா திரும்பக் கேளுங்க’ என்பது போதும்.

வரைவுக் குற்றப்பத்திரிகையைக் கொண்டுவந்து, “நாளைக்கு 60-வது நாள் மேடம், ஒப்பீனியன் மட்டும் போட்டுக் குடுத்துடுங்க” என்கிறார் எஸ்.ஐ. மறுக்கலாமா?
– ஆர்., எழும்பூர்

முதலில் கணக்கைச் சரிபாருங்கள். ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் கபில் வாதவான் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. மார்ச் 1 அன்று ரிமாண்ட் என்றால் மார்ச்சில் 31 நாள், ஏப்ரலில் 29 நாள். ஏப்ரல் 29 தான் 60-வது நாள். அன்றைக்குள் தாக்கலாகாவிட்டால் 30-ஆம் தேதி எதிரிக்குக் கட்டாயப் பிணை உரிமை பிறந்துவிடும். இடையில் ஞாயிறு வந்தது, பொங்கல் விடுமுறை வந்தது என்ற பேச்சு இங்கே எடுபடாது. எதிரி மனுப் போட்டுவிட்ட பிறகு அவசரமாகக் குற்றப்பத்திரிகையைத் திணித்தாலும் அந்த உரிமை போகாது. 2020-இல் சென்னையிலிருந்து போன ரவீந்திரன் வழக்கு அதைத்தான் சொன்னது. மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள். வணிக அளவு கஞ்சா (20 கிலோவுக்கு மேல்) போன்ற வழக்குகளுக்கு 180 நாள். ஐ.ஓ. சொல்லும் நாளை நம்பாமல் ரிமாண்ட் உத்தரவைப் பார்த்து நீங்களே எண்ணுங்கள்.

இனி மறுப்பு. புலனாய்வு உங்கள் வேலை அல்ல. குற்றப்பத்திரிகை போடுவதா வேண்டாமா என்பது ஐ.ஓ.வின் முடிவு. அரசு வழக்கறிஞரைக் கேட்டுத்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்று புலனாய்வு அதிகாரிக்கு உத்தரவிட முடியாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஆர். சரளா எதிர் டி.எஸ். வேலு தீர்ப்பு, அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான். ஆகவே நீங்கள் தருவது கருத்து. அதைத் தராமல் தட்டிக்கழிப்பதைவிட, குறை இன்னது என்று எழுதி, தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு கொடுப்பது மேல். வாய்வார்த்தையாக ‘சரி போடுங்க’ என்று சொல்லி அனுப்பினால், விடுதலையான அன்று ‘ஏ.பி.பி. பார்த்த கட்டு சார்’ என்ற பழி மட்டும் மிஞ்சும்.

அரை மணி நேரத்தில் பார்க்க வேண்டியவை இவை. பிரிவு சரியா. எலும்பு முறிவு என்று 117(2) போட்டிருந்தால் எக்ஸ்ரே படமும் அதைப் பார்த்து எழுதிய மருத்துவரின் பெயரும் இருக்க வேண்டும். வெறும் காயச் சான்றில் ‘கொடுங்காயம்’ என்று எழுதியிருப்பதை நம்பினால் விசாரணையில் அது சாதாரணக் காயத்துக்கான 115(2)-க்குச் சரிந்துவிடும். எலும்பு முறியாமல், வலியோடு அன்றாட வேலை செய்ய முடியாமல் கிடந்தார் என்ற வகையில் வந்தால் பழைய சட்டத்தின் 20 நாள் இப்போது 15 நாள் ஆகியிருப்பதை நினைவில் வையுங்கள். கைபேசி, டி.வி.ஆர். (சி.சி.டி.வி. பதிவுக் கருவி) போன்றவை இருந்தால், கைப்பற்றியது முதல் யார் யார் கையில் எப்போது இருந்தது என்ற வரிசை குற்றப்பத்திரிகையிலேயே வர வேண்டும். 193-ஆம் பிரிவு இப்போது அதைக் கேட்கிறது. சின்ன வழக்கானால் காலவரம்பு. ஓராண்டு வரை சிறை உள்ள குற்றத்துக்கு ஓராண்டு, மூன்றாண்டு வரையானால் மூன்றாண்டு. புதிய 514-இன்படி எப்.ஐ.ஆர். பதிவான தேதியை வைத்து அது பார்க்கப்படும். பழைய சட்டத்துக் கட்டு என்றால் அந்த வசதி இல்லை. குற்றப்பத்திரிகை எந்தத் தேதியில் கோர்ட்டுக்கு வந்தது என்று முத்திரையைப் பாருங்கள்.

2024 மே மாத விபத்து. எப்.ஐ.ஆர். ஆகஸ்டில்தான் பதிவானது. எந்தச் சட்டம்?
– ஜூனியர் வக்கீல், அம்பத்தூர்

குற்றம் நடந்த நாள் எதுவோ அன்றைய குற்றச் சட்டம். ஆகவே இ.பி.கோ. 279, 304-ஏ தான். நடைமுறை மட்டும் எப்.ஐ.ஆர். புதிய சட்டக் காலத்தில் பதிவானதால் சுரக்ஷா சன்ஹிதா. ஜூலை 1-க்கு முன் விசாரணை தொடங்காததால் சாட்சியத்துக்கு சாக்ஷிய அதிநியம். ஒரே கட்டில் பழையதும் புதியதும் கலந்து வருவது பிழையல்ல.

பிழை எங்கே வருகிறது என்றால், ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் புதிய பிரிவு தானாக விழ, அதை யாரும் திருத்தாமல் விட்டுவிடுவதில். அஜாக்கிரதையால் மரணம் என்பதற்கு 304-ஏ-யில் அதிகபட்சம் 2 ஆண்டு, புதிய 106(1)-இல் 5 ஆண்டு. மே மாதச் சம்பவத்துக்கு 106 போட்டால், நடந்த அன்று இல்லாத தண்டனையைச் சுமத்துவதாகிவிடும். அரசியல் சாசனத்தின் 20(1) அதை அனுமதிக்காது. கோர்ட் குற்றச்சாட்டு வனையும் (எந்தப் பிரிவில் விசாரிப்பது என்று முறைப்படி எழுதும்) நாளிலேயே எழுந்து சொல்லித் திருத்த வையுங்கள். தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டாம்.

சாட்சி முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ்ந்ததும், ‘பிறழ் சாட்சியாகக் கருத அனுமதி வேண்டும்’ என்று சொல்லி, ‘நீங்கள் பொய் சொல்கிறீர்கள்’ என்று முடித்துவிடுகிறேன். “முரணையே குறிக்கலையேப்பா” என்கிறார் சீனியர். எப்படிக் குறிப்பது?
– இளம் ஏ.பி.பி., ஜார்ஜ் டவுன்

சீனியர் சொல்வது சரி. அந்த ஒரு கேள்வியால் ஒரு பயனும் இல்லை. ‘பொய் சொல்லவில்லை’ என்ற பதில்தான் பதிவாகும்.

அவசரப்படாமல் தொடங்குங்கள். சாட்சி பின்வாங்குகிறாரா, மறந்துவிட்டாரா என்று முதலில் பாருங்கள். புகாரைத் தன் கையால் எழுதியவர் என்றால் 162-ஆம் பிரிவின் கீழ் அதைக் காட்டி நினைவூட்டலாம். 180 வாக்குமூலத்தைக் காட்டி நினைவூட்ட முடியாது. அதை எழுதியது போலீஸ், அதில் சாட்சி கையெழுத்தும் வாங்கக் கூடாது.

பின்வாங்குகிறார் என்று உறுதியானால் 157-இன் கீழ் அனுமதி கேளுங்கள். எந்த விஷயத்தில் வழக்கை ஆதரிக்கவில்லை என்று குறிப்பிட்டுக் கேட்பது நல்லது. அனுமதி கிடைத்ததும் முரணுக்குப் பாய வேண்டாம். அவர் வாயிலிருந்து வரக்கூடிய நல்ல விஷயங்களை முதலில் வாங்குங்கள். அன்று இரவு அந்த இடத்தில் இருந்தீர்களா, சத்தம் கேட்டதா, அடிபட்டவரை ஆட்டோவில் ஏற்றியது நீங்கள்தானா, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத்தானே போனீர்கள் என்று. இப்போது பதிலைச் சுட்டும் கேள்வி கேட்கத் தடையில்லை. எதிரியைக் காட்டிக்கொடுக்கத்தான் பயமே தவிர, இவற்றுக்குப் பலர் ‘ஆமாம்’ என்பார்கள். பிறழ் சாட்சி என்று முத்திரை விழுந்துவிட்டதால் சாட்சியம் முழுதும் அழிந்துவிடாது, நம்பத்தக்க பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்பது 1976-இன் பகவான் சிங் தீர்ப்பிலிருந்து நிலைத்த சட்டம்.

அதற்கப்புறம் முரண். 180 வாக்குமூலத்திலிருந்து ஒரு வாக்கியத்தை, ஒரே ஒரு வாக்கியத்தை, எழுதியிருக்கும் சொற்களிலேயே படியுங்கள். ‘எதிரி பாட்டிலால் என் தம்பி தலையில் அடித்தார் என்று போலீஸ் விசாரணையில் சொன்னீர்களா?’ என்று கேளுங்கள். ‘சொல்லவில்லை’ என்றால் அந்த வாக்கியம் மேற்கோள் குறிக்குள் பதிவாகட்டும். நீங்கள் உங்கள் நகலில் அந்த வரியை அடைப்புக்குள் போட்டு, பக்கத்தில் அ.சா. (அரசுத் தரப்புச் சாட்சி) எண் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வாக்கியத்துக்குத் தனிக் கேள்வி. வாக்குமூலம் முழுவதையும் ஒரே மூச்சில் படித்து ‘இப்படிச் சொன்னீர்களா?’ என்றால், எதை மறுத்தார் என்றே தெரியாத பதில்தான் கிடைக்கும். அரசுத் தரப்பு தன் சாட்சியையே இப்படி முரண்படுத்த 181-இன் கீழ் கோர்ட் அனுமதி வேண்டும். அதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

வேலை இதோடு முடியவில்லை, பாதிதான் ஆகியிருக்கிறது. சில மாதம் கழித்து ஐ.ஓ. கூண்டேறும்போது, ‘அ.சா.3 உங்களிடம் “எதிரி பாட்டிலால் என் தம்பி தலையில் அடித்தார்” என்று சொன்னாரா?’ என்று கேட்டு ‘சொன்னார்’ என்ற பதிலை வாங்கினால்தான் முரண் நிரூபணமாகும். இது விட்டுப்போகக் காரணம், இடையில் ஏ.பி.பி. மாறியிருப்பார், கட்டு கை மாறியிருக்கும், நகலில் அடைப்புக்குறி இருக்காது. அதனால் ஒவ்வொரு கட்டின் முதல் பக்கத்திலும் ‘ஐ.ஓ.விடம் கேட்க வேண்டியவை’ என்று ஒரு தாள் ஒட்டி வையுங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர் உங்களை வாழ்த்துவார்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே கழித்துவிடுவோம். முரண் நிரூபணமானால் சம்பவம் நிரூபணமானதாக ஆகாது. சாட்சி பேச்சை மாற்றினார் என்பது மட்டுமே தெரியும். 180 வாக்குமூலம் ஒருபோதும் தனிச் சாட்சியம் அல்ல. வழக்கை வேறு யாராவது தூக்கி நிறுத்த வேண்டும். ஒரே நல்ல சாட்சி போதும். எண்ணிக்கையைச் சட்டம் கேட்பதில்லை. முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத்தகாதவர், இரண்டும் இல்லாதவர் என்று சாட்சிகளை மூன்றாகப் பிரித்த 1957-ஆம் ஆண்டு வடிவேலு தேவர் வழக்கு இங்கே சென்னை மாகாணத்திலிருந்து போனதுதான். காயம்பட்டவர் உறுதியாக நின்றால், வேடிக்கை பார்த்த இரண்டு பேர் பிறழ்ந்ததற்காகக் கையைப் பிசைய வேண்டியதில்லை.

மகஜர் சாட்சி பிறழ்வது வேறு ரகம். ‘ஸ்டேஷனில் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள்’ என்பார். கையெழுத்தை மட்டும் சான்றாவணமாகக் குறித்துவிட்டு, கைப்பற்றியதை ஐ.ஓ. மூலம் நிரூபிக்கலாம். ஆனால் தேடுதலையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று 105-ஆம் பிரிவு சொன்ன பிறகு, வீடியோ இல்லாத கைப்பற்றுதலுக்கு ஐ.ஓ.வின் வாய்ச்சொல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது அந்தந்த கோர்ட்டின் மனநிலையைப் பொறுத்தது.

பிறழ்வதைத் தடுப்பதுதான் பெரிய வேலை. முதல் விசாரணை முடிந்த அன்றே குறுக்கு விசாரணையும் முடிய வேண்டும் என்று விடாமல் கேளுங்கள். 2015-இன் வினோத் குமார் வழக்கில் இரண்டுக்கும் இடையே 20 மாத இடைவெளி. அதற்குள் சாட்சி மாறிவிட்டதை உச்ச நீதிமன்றம் கடுமையாகவே கண்டித்தது. வாய்தா மனு வந்தால் அந்தத் தீர்ப்பையும் வாய்தாவைக் கட்டுப்படுத்தும் 346-ஆம் பிரிவையும் சொல்லுங்கள். மிரட்டல் என்று சாட்சி சொன்னால் காதில் வாங்கிக்கொண்டு நகராமல், 2018-இல் மகேந்தர் சாவ்லா வழக்கில் ஏற்கப்பட்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மனு போட வழிகாட்டுங்கள். பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள வழக்குகளில், போலீஸ் அழைத்து வரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் 183-இன் கீழ் பதிய வேண்டும் என்பது இப்போது கட்டாயம். அது நடந்திருக்கிறதா என்று குற்றப்பத்திரிகைக்கு முன்பே கேளுங்கள்.

சி.சி.டி.வி. காட்சி இருந்தும் வழக்கு தோற்கிறது. என்ன சிக்கல்?
– எம்.எஸ்., வில்லிவாக்கம்

சான்றிதழில் சிக்கல். 63(4)-இன் சான்று இப்போது இரண்டு பகுதி. முதல் பகுதியில் கையெழுத்திட வேண்டியவர் அந்தக் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர், அதாவது கடைக்காரரோ அபார்ட்மென்ட் செயலாளரோ. இரண்டாம் பகுதியில் நிபுணர். இரண்டிலும் ஹாஷ் மதிப்பு (கோப்பின் கைரேகை போன்ற எண்) எழுதப்பட வேண்டும். பென் டிரைவை வாங்கி வந்த எஸ்.ஐ.யே முதல் பகுதியில் கையெழுத்திடுவதும், ஹாஷ் கட்டத்தைக் காலியாக விடுவதும்தான் அடிக்கடி பார்க்கும் தவறுகள்.

டி.வி.ஆர். கடிகாரம் ஓடும் நேரமும் உண்மை நேரமும் ஒன்றாக இருக்காது. கைப்பற்றும்போதே ‘கருவி 17 நிமிடம் பிந்தி ஓடுகிறது’ என்பதுபோல மகஜரில் எழுதாவிட்டால், எதிரி சம்பவத்துக்கு முன்பே போய்விட்டதாகக் காட்சி காட்டும். பழைய பதிவு மேல் புதிய பதிவு தானாக ஏறிவிடும் என்பதால், எப்.ஐ.ஆர். போட்ட அன்றே எடுக்கச் சொல்லுங்கள். வெட்டியோ, வாட்ஸ்ஆப்பில் அனுப்பியோ கொண்டுவந்த வீடியோவின் ஹாஷ் மூலத்தோடு பொருந்தாது.

சான்று இல்லாமலே கட்டு உங்களிடம் வந்துவிட்டதா? கைகழுவ வேண்டாம். 2020-இன் அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்பு சான்று கட்டாயம் என்று சொன்னதோடு, விசாரணை முடியும் முன் அதைத் தாக்கல் செய்யக் கோர்ட் அனுமதிக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. மூலக் கருவியையே கொண்டுவந்து உரிமையாளர் சாட்சி சொன்னால் சான்றே தேவையில்லை என்பதும் அதே தீர்ப்பு. உடனே மனு போடுங்கள்.

சட்டம் முடித்து மூன்று வருடம். ஏ.பி.பி. தேர்வு எழுதலாமா?
– கே. பி., பெரம்பூர்

இன்னும் இரண்டு வருடம் பொறுங்கள். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் நிலை–II தேர்வுக்குக் குற்றவியல் நீதிமன்றங்களில் குறைந்தது 5 ஆண்டு வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும், தமிழறிவும் வேண்டும். சிவில் பக்கமே ஐந்து வருடம் இருந்துவிட்டு விண்ணப்பிப்பவர்கள் அனுபவச் சான்றில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த இரண்டு வருடத்தில் உங்கள் பெயரில் வக்காலத்து உள்ள கிரிமினல் வழக்கு எண்களைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

என் மகனைக் கத்தியால் வெட்டிய வழக்கு. அரசு வக்கீல் இளைஞர், பயமாக இருக்கிறது. நாங்கள் வைத்த வக்கீல் வாதாடக் கூடாதா ஐயா?
– ஒரு தாய், வியாசர்பாடி

அம்மா, உங்கள் வக்கீல் உதவலாம், வழக்கை நடத்த முடியாது. அரசுத் தரப்பின் வழிகாட்டுதலில் அவர் வேலை செய்யலாம். சாட்சியம் முடிந்ததும் கோர்ட் அனுமதியோடு எழுத்துமூல வாதம் தரலாம். 338-ஆம் பிரிவும், 2019-இன் ரேகா முரார்கா தீர்ப்பும் அந்த எல்லையைத்தான் போட்டிருக்கின்றன. ஏ.பி.பி. கேட்க மறந்த கேள்வியைத் தாளில் எழுதி அவரிடம் நீட்டுவதே பயனுள்ள வழி. மகனின் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், மருந்துச் சீட்டு, ரத்தக்கறை பட்ட சட்டை எடுக்கப்பட்ட விவரம் எல்லாவற்றின் நகலையும் அவர் கையில் சேர்த்துவிடுங்கள். வயதை வைத்து எடை போட வேண்டாம். கட்டைப் படித்திருக்கிறாரா என்பது, உங்கள் மகனிடம் அவர் கேட்கும் முதல் இரண்டு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

டாக்டர் மதுரைக்கு மாற்றலாகிவிட்டார், ஐ.ஓ. ஓய்வு பெற்றுவிட்டார். நாலு வாய்தா போய்விட்டது.
– ஏ.பி.பி., எழும்பூர்

டாக்டருக்கு வழி எளிது. 330-இன் கீழ் ஆவணப் பட்டியல் கொடுத்து, எதிர்த்தரப்பு ஏற்கிறதா மறுக்கிறதா என்று சொல்லச் சொல்லுங்கள். நகல் தந்ததிலிருந்து 30 நாளுக்குள் சொல்ல வேண்டும். ஏ.ஆர். காப்பியை மறுக்காவிட்டால் டாக்டரே வர வேண்டியதில்லை. இவ்வளவு வசதியான பிரிவை நம் கோர்ட்டுகள் ஏன் தூங்க விடுகின்றன என்று புரியவில்லை. மறுத்தால் காணொலியில் விசாரிக்கக் கேளுங்கள், அல்லது 336-இன்படி அதே பதவியில் இப்போது இருப்பவரை அழைத்து ஆவணத்தை நிரூபியுங்கள்.

ஐ.ஓ. விஷயத்தில் 336-ஐ நம்பாதீர்கள். பதவியில் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் காகிதத்தைத்தான் அடையாளம் காட்டுவார், அ.சா.3 என்ன சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. மேலே சொன்ன முரண்கள் அத்தனையும் அந்தரத்தில் நின்றுவிடும். ஓய்வு பெற்றவரையே அழையுங்கள். சம்மனை ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு உட்காராமல், அவர் ஓய்வூதியம் பெறும் பிரிவின் மூலம் இப்போதைய முகவரியைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஜாமீன் மனு எதுவானாலும் ‘கடும் ஆட்சேபம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டேன். மாஜிஸ்திரேட் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.
– புதிய ஏ.பி.பி., சைதாப்பேட்டை

எல்லாவற்றுக்கும் ஆட்சேபம் என்றால் எதற்கும் ஆட்சேபம் இல்லை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். ‘கடும்’ என்ற சொல்லுக்குப் பதில் அரைத் தாள் தகவல் கையில் இருக்கட்டும். காயம்பட்டவர் டிஸ்சார்ஜ் ஆனாரா, பொருள் எவ்வளவு மீட்கப்பட்டது, உடன் எதிரி தலைமறைவா, முந்தைய வழக்கு எண்கள் என்ன, அவற்றில் எந்தக் கட்டம், இன்னும் விசாரிக்க வேண்டிய முக்கியச் சாட்சி யார். காலை 10 மணிக்குள் ஸ்டேஷனிலிருந்து இது எழுத்தில் வர வேண்டும் என்று ஒரு படிவமே போட்டுக் கொடுத்துவிடுங்கள். ‘முந்தைய வழக்கு 6’ என்று வந்தால் அதில் எத்தனை விடுதலை, எத்தனை நிலுவை என்று திரும்பக் கேளுங்கள். எதிர்த்தரப்பு அதை எடுத்துக்காட்டிய பிறகு உங்கள் அடுத்த ஆட்சேபத்துக்கு மதிப்பிராது.

ஏழாண்டு வரை தண்டனை உள்ள வழக்கில் நோட்டீஸ் கொடுக்காமல் கைது செய்து வந்து, அதற்கு எழுத்தில் காரணமும் இல்லை என்றால், அர்னேஷ் குமார் தீர்ப்பு (2014) இருக்கும்போது ரிமாண்டை வலியுறுத்துவது உங்கள் கடமையல்ல. 1995-இல் எஸ்.பி. ஷஹானே வழக்கில் ஏ.பி.பி.க்களைப் போலீஸ் துறையின் பிடியிலிருந்து பிரித்துத் தனி அமைப்பாக்கச் சொன்னதே இப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் ‘ஆட்சேபம் இல்லை’ என்று சொல்ல முடிய வேண்டும் என்பதற்காகத்தான். விசாரணைக் கைதி முதல் குற்றவாளியாக இருந்து, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையிலேயே கழித்துவிட்டிருந்தால் 479-ஐ நீங்களே சுட்டிக்காட்டலாம். ஆயுள், மரண தண்டனை வழக்குகளுக்கு அது பொருந்தாது. வேறு வழக்கும் நிலுவையில் இருந்தால் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தெருச் சண்டை வழக்குகளில் ‘ஆபாசமாகத் திட்டினார், கொலை மிரட்டல் விடுத்தார்’ என்ற பிரிவுகள் மட்டும் நிற்பதே இல்லை. ஏன்? இரு தரப்பும் சமாதானம் ஆனால்?
– டி.கே., கொருக்குப்பேட்டை

ஆபாசத் திட்டுக்குப் பழைய 294(பி), இப்போதைய 296. திட்டிய சொல்லைக் கோர்ட்டில் அப்படியே சொல்ல சாட்சி கூசுகிறார், ‘கெட்ட வார்த்தையில் திட்டினார்’ என்று முடித்துவிடுகிறார். எந்தச் சொல், பொது இடமா, கேட்டவருக்குத் தொந்தரவு ஏற்பட்டதா என்ற மூன்றும் வாக்குமூலத்திலேயே இல்லாதபோது ஏ.பி.பி. என்ன செய்வார்? சொல்லை வாயால் சொல்ல முடியாவிட்டால் புகாரில் எழுதியதைக் காட்டி, ‘இதுதானா?’ என்று கேட்க அனுமதி வாங்கலாம். மிரட்டல் பிரிவான 351-லும் இதே கதை. ‘உன்னைக் கொன்னுடுவேன்’ என்றார் என்பதோடு நின்றால் போதாது. அதனால் பயந்து என்ன செய்தார் என்பதையும் சாட்சி சொல்ல வேண்டும். கடையைப் பூட்டினாரா, அன்று இரவு சொந்தக்காரர் வீட்டில் தங்கினாரா.

சமாதானம் என்றால் 115(2) காயத்தை அடிபட்டவரே 359-இன் கீழ் முடித்துக்கொள்ளலாம். 296 அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் அடிதடி தீர்ந்த பிறகும் ஒற்றைத் திட்டுக்காக வழக்கு உயிரோடு கிடக்கிறது. இரு தரப்பும் சேர்ந்து 528-இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரத்துக் கேட்பதே வழி. ஆதாரம் துளியும் இல்லாமல் 296 சேர்க்கப்பட்டிருந்தால், குற்றச்சாட்டு வனையும் கட்டத்திலேயே அந்தப் பிரிவை விடக் கோரலாம், ஏ.பி.பி. அதை எதிர்க்க வேண்டியதில்லை.